ஐம்பத்து நான்கும் ஐம்பத்தைந்தும்

போட்ஸ்ஃபியோர்ட் மலைப்பாதையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
ஒரு பிப்ரவரியில்
பள்ளத்தில் புதைந்த சிவப்புக் காரிலிருந்து
ஒருத்தியை ஏற்றிக்கொண்டேன்.
பெயர் ராக்னா. பல் மருத்துவர்.
கை நடுங்க என் காப்பியைக் குடித்தாள்.
இறங்கும்போது புத்தகத்தை மறந்தாள்.

கேட்டு வருவாள் என்று
கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன்.
உருகிய பனி அதன்மேல்தான் சொட்டியிருக்கிறது.
நான் கவனிக்கவில்லை.

அஷ்டாங்க யோகம், படங்களுடன்.
டேனிஷ் மொழி.
பாதி புரிகிறது.
மீதியை முழங்கால் மொழிபெயர்க்கிறது.

பாதையை மூடிவிட்ட இரவுகளில்
தடுப்புக் கம்பத்தருகே குடிலில்
நான், ரேடியோ, ஒரு மின்னடுப்பு.
காற்று தணியும்வரை
யாரும் எங்கும் போக முடியாது.
முதலில் படம் பார்த்தேன்.
பிறகொரு நாள் பூட்ஸைக் கழற்றினேன்.

ஐம்பத்தாறு வயது, நூற்றுப் பத்துக் கிலோ.
குனிந்தால் விரல் தொடும் என்கிறது புத்தகம்.
யார் விரல், எதை, என்று சொல்லவில்லை.
படத்திலிருக்கும் ஒல்லி மனிதருக்கு
வியர்ப்பதே இல்லை.
அவர் அரைக்கால் சட்டை எங்கே,
என் கம்பளி உள்ளாடை எங்கே.

பக்கம் மூடாதிருக்க
முப்பத்திரண்டாம் எண் ஸ்பானர்.
கை தரையில் ஊன்றியிருக்கும்போது
மூக்கால் புரட்டப் பழகினேன்.

'சூரியன் எழுமுன் செய்க.'
நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி நடுவைத் தாண்டித்தான் எங்களுக்கு வரும்.
ஏறக்குறைய இரண்டு மாதம்
ஒரு நாள் கூடத் தவறவில்லை நான்.
காலையில் செய்தாலும் எழுமுன்தான்,
சாப்பிட்டுத் தூங்கி எழுந்து செய்தாலும் எழுமுன்தான்.
கிழக்கு நோக்கி நில் என்றது.
கிழக்கே என் வண்டி நின்றது.
அதைக் கும்பிட்டேன்.

'மூச்சு காதில் கேட்க வேண்டும்.'
அடுப்பு பழுதான வாரம்
என் மூச்சு கண்ணுக்கே தெரிந்தது.
ஆசனத்துக்கு ஐந்து வெண்புகை.
எண்ணிக்கை தப்பவே இல்லை.

ஒரு தடவை தலை கீழே, இடுப்பு மேலே
இருக்கையில் ரேடியோ கூப்பிட்டது.
"ஆஸ்லாக், காற்று எவ்வளவு?"
"இருபத்தாறு மீட்டர்."
"குரல் ஏன் அப்படி இருக்கிறது?"
"குனிந்திருக்கிறேன்."
சற்று மௌனம்.
"எதைத் தேடுகிறாய்?"

ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஐம்பத்து மூன்றாம் பக்கத்தில்
காலை நீட்டி உட்கார்ந்து
பாதத்தைப் பிடிக்கிறார் அந்த மனிதர்.
ஐம்பத்தாறில்
உட்கார்ந்தபடியே வேறொன்றுக்குத் தயாராகிறார்.
நடுவில் இரண்டு பக்கம்
ஈரத்தில் ஒட்டி ஒரே அட்டையாகிவிட்டது.
அங்கே என்ன நடக்கிறதென்று
எனக்கெப்படித் தெரியும்?
எழுந்தேன். தண்ணீர் குடித்தேன்.
ஜன்னலில் காற்றைப் பார்த்தேன்.
வந்து மறுபடி உட்கார்ந்தேன்.
இரண்டு குளிர்காலம்
அந்த ஆசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
ஒரு தம்ளர் தண்ணீர்
முறைப்படி இருந்தது.

கடைவாய்ப் பல் உடைந்து
ஊருக்குப் போனேன்.
நாற்காலியில் மல்லாந்தால்
மேலே ராக்னாவின் முகம்.
"நீங்கள்தானே அந்தப் பனிவண்டிக்காரர்!
புத்தகமா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
பதினொன்றாம் பக்கத்தையே நான் தாண்டவில்லை."
ஐம்பத்து நான்கில் என்ன என்று
கேட்கத்தான் வந்திருந்தேன், ஒரு விதத்தில்.
வாய் நிறையப் பஞ்சு.
மூக்கால் இழுத்தேன், மூக்கால் விட்டேன்.
"இவ்வளவு அசையாமல்
யாரும் படுத்ததில்லை இங்கே," என்றாள்.

அன்றிரவு கெட்டிலைக் கொதிக்க வைத்து
ஆவியில் பிடித்தேன்.
மெல்ல, வெண்ணெய்க் கத்தியால்,
ஒரு மூலையிலிருந்து.

எழுத்து கரைந்துவிட்டிருந்தது.
ஒரு படம் மட்டும் மிச்சம்:
இரு கையும் தரையில்,
கால் இரண்டும் அந்தரத்தில்,
அந்த மனிதர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்.
புத்தகம் முழுக்கத் தெளிவாக இருந்தவர்
இதில் மட்டும் மங்கலாக.

ஈரமா, வேகமா, தெரியவில்லை.

அவரும்
தண்ணீர் குடிக்கத்தான் போகிறாரோ என்னவோ.